குறட்டை நின்ற வீடு

“ராத்திரி ஒரு சத்தம் இல்ல கிழவா,” என்றாள் நியெவெஸ், பூண்டு போட்டு வறுத்த சோற்றை அவன் தட்டில் தள்ளியபடி. “பச்சப்புள்ள மாதிரி தூங்குன.”

செவெரோ கையில் எடுத்த காப்பிக் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. ராத்திரி அவன் கத்தியிருந்தான். ஏதோ கனவில் லேசாக முனகியது அல்ல அது. அவள் பெயரைச் சொல்லித் தொண்டை கிழிய, சேவல் கூவும் வரைக்கும் கத்தியிருந்தான். அவள் காது அவன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. இப்போதுகூட எச்சில் விழுங்கினால் தொண்டை எரிந்தது.

அவளைப் பார்த்தான். வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அடுப்பில் தொத்திறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே நெடுநாளாக அப்பிக் கிடந்த கருப்பு கொஞ்சம் கலைந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? “ஆமா, நல்ல தூக்கம்தான்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் குனிந்தான்.

இரண்டு பேருக்கும் இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. அவர்கள் மாகாணமான இலோகோஸ் பக்கம் கல்யாண மாலை வாடுவதற்குள் கணவன் கிழவனாகவும் மனைவி கிழவியாகவும் ஆகிவிடுவார்கள். செல்லப் பெயர் அது. ஆனால் போன இரண்டு வருஷத்தில் நியெவெஸ் நிஜமாகவே கிழவி ஆகிக்கொண்டிருந்தாள். காரணம் செவெரோவின் குறட்டை. மூன்றாம் வீட்டு நாய் அதற்குப் பதில் குரைக்கும். குறட்டையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அது நடுவில் நிற்குமே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. நெஞ்சு அசையாது, மூச்சு வராது, ஒரு யுகம் போன மாதிரி இருக்கும். பிறகு தண்ணீரில் முங்கியவன் மேலே வந்ததுபோல் ஒரு திணறலோடு மறுபடி தொடங்கும். அவள் அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு விழித்தே கிடப்பாள். குறட்டை விட்டாலும் அவளுக்குத் தூக்கமில்லை, நின்றாலும் தூக்கமில்லை.

ஒருநாள் அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கிப்போய் கொதிக்கிற எண்ணெய்க்குள் கையை விட்டுவிட்டாள். முழங்கை வரைக்கும் வெந்து தோல் சுருங்கிப்போனது. அதே மாதத்தில் செவெரோ வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது ஸ்டியரிங்மேல் கண்ணயர்ந்து வயலுக்குள் இறக்கிவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சுகாதார நிலையத்து நர்ஸ் அவனை உட்கார வைத்து, தூக்கத்தில் உனக்கு மூச்சுக்குழல் அடைபடுகிறது, லவாக் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதித்துப் பார், விளையாட்டில்லை என்று சொன்னாள். போகிறேன் என்றான். அறுவடை முடியட்டும் என்றான். அறுவடை முடிந்ததும் வேறு ஒன்று முடியட்டும் என்றான்.

அதற்குள் ஹவாயியிலிருந்து நியெவெஸின் அக்கா ஒர்லிண்டா போனில் வந்துவிட்டாள். ஒர்லிண்டா அங்கே ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவள். மூச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்ததிலிருந்து உலகத்தின் எல்லா நோய்க்கும் அவளிடம் மருந்து இருந்தது. “வாய் எதுக்கு இருக்கு? திங்க. மூக்கு எதுக்கு இருக்கு? மூச்சு விட. நீ ரெண்டையும் வாயால பண்ணா உடம்பு எப்படி தூங்கும்?” என்று அதட்டினாள். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். வெளியே விடுகிற மூச்சில்தான் மனுஷன் தூக்கத்துக்குள் இறங்குகிறான் என்பது அவள் வேதம். பெரிய அட்டைப் பெட்டியில் சாக்லேட், டின் இறைச்சி, சோப்பு எல்லாவற்றுக்கும் நடுவே பேப்பர் பிளாஸ்திரிச் சுருள்களையும் அடுக்கி அனுப்பியிருந்தாள்.

பெட்டி வந்த வாரம்தான் பின்பக்கத்து அறையும் கட்டி முடிந்திருந்தது. அதுவரை படுத்த முன்னறை சாலையோரம், வெக்கை வேறு. அதனால் செவெரோ அதன் தகரக் கூரையைப் பிரித்துப் பின்னால் புது அறைக்குப் போட்டான். மூலைத் தூணுக்கு மாதா கோயில் வளைவில் நின்ற கிழட்டு மரத்தின் தண்டு மலிவாகக் கிடைத்தது. சாலையை அகலப்படுத்த வெளியூர் ஆட்கள் வந்து இயந்திரத்தால் அறுத்துத் தள்ளியிருந்தார்கள். உள்ளூர் ஆளாக இருந்தால் கோடாலியை ஓங்குமுன் மரத்தடியில் நின்று, அய்யா பொறுத்துக்கொள்ளுங்கள், பிழைப்புக்காக வெட்டுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லவில்லை. செவெரோவும், வெட்டினவன் வேறு ஆள், நமக்கென்ன என்று இருந்துவிட்டான். தூண் கட்டிலின் தலைமாட்டில் நின்றது.

பிளாஸ்திரி ஒட்டிய முதல் ராத்திரி அது வந்தது. மறுநாளும் வந்தது.

முதலில் வாசனைதான். மழையில் நனைந்த மரப்பட்டையை நகத்தால் கீறினால் வருமே, அந்தப் பச்சை வாசனை தூணின் பக்கமிருந்து மெல்ல இறங்கி, வாய் அடைபட்டுக் கிடப்பதால் வேறு வழியில்லாமல் மூக்கின் வழியே நேரே மண்டைக்குள் ஏறும். பிறகு வெயில் தாழ்ந்த பின் மரம் நெரிகிற சத்தம், ஈரமான பாதம் தரைப் பலகையில் ஒட்டிப் பிரிகிற சத்தம், பருத்த ஆள் ஒருவர் உட்கார இடம் பார்த்து ஒரு கையை ஊன்றினால் கட்டில் சட்டம் முனகுமே, அந்தச் சத்தம். அதன் பிறகு கனம். நெல் மூட்டையை யாரோ நெஞ்சில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி. கையைத் தூக்கச் சொன்னால் கை கேட்காது. கண்ணிமை பாதி திறந்தபடி நின்றுவிடும்.

அது அவசரப்படவில்லை, அதுதான் கொடுமை. அவன் மூச்சை உள்ளே இழுக்கும்போது மரியாதையாகக் காத்திருந்தது. வெளியே விடும்போது, நெஞ்சு தாழ்ந்த அளவுக்குத் தானும் தாழ்ந்தது. மறுபடி இழுத்தால் முன்பு இருந்த இடம் திரும்பக் கிடைக்காது. ஒர்லிண்டா சொன்னபடி நீளமாக, நிதானமாக அவன் மூச்சு விட, அது நீளமாக, நிதானமாக இறங்கியது. அவன் கத்தினான். சத்தம் முழுவதும் பிளாஸ்திரியின் உள்பக்கமே முட்டி முட்டித் திரும்பியது. பக்கத்தில் நியெவெஸ் வாய் லேசாகத் திறந்தபடி அசைவில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத் தூக்கம்.

ஒரு வாரத்தில் கட்டிலில் அவன் பக்கத்துச் சட்டம் ஒன்று விரிசல் விட்டது. நியெவெஸ் குனிந்து பார்த்துவிட்டு, நன்றாகத் தூங்கி நன்றாகத் தின்று எடை போட்டுவிட்டாய் என்று அவன் தொப்பையில் தட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டு இறுக்கிக்கொண்டிருந்ததை அவளிடம் காட்டவில்லை.

வேன் நிற்கிற இடத்தில் தீமோவிடம் மட்டும் சொன்னான். தீமோ அவன் மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவில் இருவரும் ஒருவருக்கொருவர் கும்பாரே. தீமோ புகைத்துக்கொண்டிருந்த சிகரெட்டைப் பாதியில் மிதித்து அணைத்தான்.

“தூண் எந்த மரம்?”

செவெரோ சொன்னான்.

“பருத்தவ,” என்றான் தீமோ, குரலைத் தாழ்த்தி. மரத்தில் குடியிருப்பவளுக்கு ஊரில் சொல்கிற பெயர் அதுதான். நிஜப் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. மரத்தை வெட்டித் தூணாக நட்டால் தூணோடு வருவாள். தன் தூணருகில் வேறு ஆள் படுப்பது அவளுக்குப் பிடிக்காது. “அவ வந்து உக்காந்தா நம்மகிட்ட இருக்கிறது ஒரே வழிதான். பக்கத்துல படுத்திருக்கிறவ முனகல் கேட்டு உலுக்கி எழுப்பணும். நீ வாயையே ஒட்டிக்கிட்டுப் படுத்தா உன்ன எவன் எழுப்புவான் கும்பாரே?”

அன்று மதியமே கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அது பழைய இடத்திலேயே கிடந்தது. நியெவெஸ்தான் தள்ளிப் போட்டிருந்தாள். அங்கே போட்டால் கால் வாசலைப் பார்க்கிறது, பிணத்தைத்தான் அப்படிக் கிடத்துவார்கள், உனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கோபித்துக்கொண்டாள். அறை சின்னது. கால் வாசலைப் பார்க்காமல் இருக்க வேண்டுமானால் தலை தூணருகில்தான் இருக்க வேண்டும். அவன் வாயைத் திறந்தான். அவள் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நேற்று ராத்திரி அவளுக்கு ஒரு கனவு வந்ததாம், செத்துப்போன அவள் அப்பா படகு ஓட்டினாராம். “கனவே மறந்து போச்சுன்னு நெனச்சேன் கிழவா,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அன்று அவள் தூங்கிய பிறகு பிளாஸ்திரியை உரித்துத் தூர எறிந்தான். அன்று எதுவும் வரவில்லை. விடிகிற நேரத்தில் கண் விழித்தான். உடம்பு லேசாக இருந்தது. பக்கத்தில் அவள் இல்லை, குறட்டை திரும்பி வந்திருக்க வேண்டும். சமையலறையில் விளக்கு எரிந்தது. நியெவெஸ் மேசையில், அந்த வெந்த கையின்மேலேயே நெற்றியை வைத்து, உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் காப்பிக்கு வைத்த பாத்திரம் தண்ணீர் வற்றி அடி சிவந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றான். அவள் தலைமுடியின் நுனிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் இனி ஒரு ராத்திரியும் கண் மூடமாட்டாள், அவன் தலைமாட்டிலேயே காவல் உட்கார்ந்திருப்பாள். அவனுக்கு அவளைத் தெரியும்.

அன்று ராத்திரி அவனே தன் கையால் ஒட்டிக்கொண்டான். திருவிழா முடியட்டும், முடிந்த மறுநாளே லவாக் போய் நர்ஸ் சொன்ன சோதனையைச் செய்துகொண்டு, தூணையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டான்.

திருவிழாவுக்கு ஒர்லிண்டாவே நேரில் வந்துவிட்டாள். மணக்க மணக்க வந்தவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் கேட்டது குறட்டையைப் பற்றித்தான். நியெவெஸ் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன் பிறகு வருகிற விருந்தாளிக்கெல்லாம் அக்காவும் தங்கையும் அந்தக் கதையையே பரிமாறினார்கள். மேசையில் மொறமொறவென்று பொரித்த பன்றிக்கறி, ஈரலும் காடியும் சேர்த்த வதக்கல், ஒட்டும் அரிசிப் பலகாரம், ஜாடியில் கரும்பு மது. வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுக்கக் கூடாது என்று அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், தூக்கத்தில் நெஞ்சில் அமுக்கு வரும். செவெரோ கொஞ்சமாகத்தான் போட்டுக்கொண்டான். ஒர்லிண்டா விடவில்லை, தட்டு காலியாகக் காலியாக நிரப்பினாள்.

சாப்பிட்டு முடித்ததும் நியெவெஸ் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். சாயங்காலம் அக்காவை லவாக் விமான நிலையத்துக்கு அவன்தான் வேனில் கொண்டுபோய் விட வேண்டும். வழியில் கண்ணயர்ந்தால் என்ன ஆவது, ஒரு மணி நேரம் படு என்றாள். வயல் அவனுக்கும் ஞாபகம் வந்தது. மறுத்துப் பேச முடியவில்லை. அறை ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கினாள். பிளாஸ்திரியை நீளமாகக் கிழித்தாள்.

“பகல்தானே கிழவி. அது வேணாம்.”

“வீடு நெறைய ஆளு. உன் கொறட்டை கேட்டா அக்கா மூஞ்சி என்ன ஆகும்?” அவன் மீசையை விரலால் ஒதுக்கிவிட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கில் அது சரியாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் நின்றது. கதவை மூட வேண்டாம் என்று அவன் கையைக் காட்டினான். அவள் ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனாள்.

இடுக்கு வழியே ஒரு கோடு வெளிச்சம் தரையில் விழுந்தது. தட்டுகள் உரசுவதும், யாரோ கரோக்கியில் சுதி விட்டுப் பாடுவதும், அதைத் தீமோ கேலி செய்வதும், பாண்டு வாத்தியம் கோயில் பக்கம் திரும்புவதும் தெளிவாகக் கேட்டன. பகல் வெளிச்சம், சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது நாற்பது பேர், அதில் ஒருவன் தீமோ. இங்கே என்ன வந்துவிடும் என்று நினைத்தான். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தான். அதைவிட மெதுவாக வெளியே விட்டான். கண் சொருகியது.

பச்சை வாசனை.

எழுந்துவிட வேண்டும் என்று நினைத்தான். நினைப்பு மட்டும்தான் எழுந்தது. வெளியே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலைக்குப் பின்னால் மரம் நெரிந்தது. பலகையில் ஈரப் பாதம். ஒன்று. இன்னொன்று. கட்டில் சட்டம் முனகியது. அதன் பிறகு கனம், முன்பு எப்போதும் வந்ததைவிட அதிகமாக. பகலிலேயே படுத்துவிட்டானே என்ற கோபமோ என்னவோ. தின்ற தீனி தொண்டைக்கு ஏறி வந்து பிளாஸ்திரியில் முட்டி நின்றது. மூக்கு பாதி அடைத்துக்கொண்டது. மீதிப் பாதியில் காற்று நூலாக வந்தது.

கத்தினான். வெளியே கைதட்டினார்கள்.

வியர்வை உதட்டோரம் வழிந்தது. வியர்வையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் பிளாஸ்திரியின் ஒரு முனை கழன்றது. வாயின் ஓரத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு வழி. அதில் காற்று பட்டது. செவெரோ இருக்கிற உயிர் முழுவதையும் அந்த ஓரத்துக்குத் தள்ளினான்.

“ம்ம்.”

வந்தது. அவன் காதுக்கே கேட்டது. இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்தால் போதும். இந்த ஊரில் பிறந்த யார் காதில் அது விழுந்தாலும் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். கால் கட்டைவிரலை அசைத்தால் பிடி விடும் என்பார்கள். அசைத்தான். அதுவும் அசைந்தது. அப்போது கதவு திறந்தது.

வெளிச்சத்தோடு ஆட்கள் வந்தார்கள். நியெவெஸ் முன்னால், உதட்டில் விரல் வைத்தபடி. அவள் பின்னால் ஒர்லிண்டா, தீமோ, இன்னும் நாலைந்து உறவினர்கள், எல்லாரும் நுனிக்காலில். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பாதி திறந்த இமைக்குள்ளிருந்து அவன் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான். எல்லாம் சிரித்த முகங்கள். அவற்றுக்கும் அவனுக்கும் நடுவே, மிக அருகில், பட்டை வெடித்த அகன்ற தோள் ஒன்று இருந்தது. அவர்கள் பார்வை அதைத் தாண்டி அவன்மேல் விழுந்தது.

“பாத்தீங்களா?” ஒர்லிண்டா கிசுகிசுத்தாள். “மூச்சு வர்றதே தெரியல. இதான் நெசமான தூக்கம்.”

பார். என்னைப் பார். செவெரோ விரலை அசைத்தான். இன்னொரு முறை.

“கால பாருங்க,” என்றான் தீமோ. குடித்துச் சிவந்த முகம், பாசமாகச் சிரித்தது. செவெரோ அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தீமோவுக்குத் தெரியும். தீமோ ஒருவனுக்குத்தான் தெரியும்.

“கனவுலயும் வேன் ஓட்டுறான். பிரேக் போடுறான் பாரு.”

எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நியெவெஸ், ஈ தொல்லை பண்ணுகிறது என்று சொல்லி, போர்வையை இழுத்துக் காலை மூடி ஓரத்தை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினாள்.

ம்ம். வாயின் ஓரத்தில் இன்னும் வழி இருந்தது. ம்ம்.

அவள் நின்றாள். குனிந்தாள். அவள் முகம் கிட்டே வந்தது. தூங்கித் தெளிந்த, கருப்பெல்லாம் கலைந்த, கல்யாணத்தின்போது இருந்த அதே முகம். கேட்டுவிட்டாள். அவள் கண் அவன் வாயின் ஓரத்தில் நின்றது.

“ஐயோ, கழண்டுருச்சு,” என்றாள் மெல்ல.

நரம்பு புடைத்த நெற்றியில் இருந்த வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றினாள். உதட்டோரத்தைத் துடைத்து உலர்த்தினாள். பிறகு கட்டைவிரலால், மிகுந்த பிரியத்தோடு, அந்த முனையை அழுத்தி ஒட்டினாள். நன்றாகப் பிடித்துக்கொள்ளும் வரை அழுத்தியபடியே இருந்தாள்.

எல்லாரும் நுனிக்காலில் வெளியேறினார்கள். வெளிச்சம் கண்ணில் விழுமே என்று, போகிற போக்கில் அவள் கதவைச் சாத்தினாள். வெளியே யாரோ கரோக்கியின் சத்தத்தைக் குறைத்தார்கள். பாடிக்கொண்டிருந்தவனை ஒர்லிண்டா அடக்கினாள். அவன் தூங்க வேண்டுமே என்று முழு வீடும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

அந்த நிசப்தத்தில் செவெரோவின் மூச்சு மூக்கு வழியாக, நீளமாக, நிதானமாக வெளியே போனது. பருத்தவள் மேலும் கொஞ்சம் கீழே உட்கார்ந்தாள்.